சைலன்சரைக் கழற்றினால் புல்லட் பறக்குமா?

ஆதிச்சநல்லூர் பரம்பில் முதுமக்கள் தாழிக்குள் அடங்கியவர்கள் ஏறத்தாழ 3000 வருடமாக நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதை ஒட்டிப் போகும் திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில் ராத்திரி 11 மணிக்கு ஒரு புல்லட் போனால் அவர்களே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் போல. அவர்களை விடுங்கள். சாலையோர வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எழுந்து அழுவது நிச்சயம்.

விஷயம் இதுதான். கம்பெனி மாட்டிக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு ஷார்ட் பாட்டில், கோல்ட் ஸ்டார், பஞ்சாப், இந்தோரி என்று விதவிதமான பெயரில் விற்கும் குழாயை மாட்டுவது. அமெரிக்காவில் மஸ்டாங் வைத்திருப்பவன் செய்வதை இங்கே பசங்க புல்லட்டில் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டே பதில். "பிக்கப் ஏறும் மக்கா." "சவுண்டு கெத்தா இருக்கும்லா."

இரண்டுமே தப்பு.

முதலில் பிக்கப். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் அகலமாகும் இடத்தில் அந்த அலை திரும்புகிறது, இந்த முறை உறிஞ்சும் அலையாக. அது சரியான நொடியில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சமிருக்கும் புகையை இழுத்துப் போட்டு, புதுக் கலவை உள்ளே வர உதவும். எந்த வேகத்தில் இந்த உதவி கிடைக்கும் என்பது குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. கம்பெனிக்காரன் மாதக்கணக்கில் சோதித்து வைத்த கணக்கு இது. தடுப்புத் தகடு இல்லாத வெறும் குழாயை மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாட்டினால் அந்தக் கணக்கு கலைகிறது. கூடுவது சத்தம் மட்டும்தான்.

நிஜமாகவே பவர் வேண்டுமென்றால் ஹெட்டர் குழாய், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் ஜெட் அல்லது ஈசியூ மேப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, டைனோவில் ஏற்றி அளக்க வேண்டும். அப்படியெல்லாம் செய்தாலும் 349 சிசி, 20 குதிரைசக்தி சொச்சம் உள்ள எஞ்சினில் எத்தனை குதிரை கூடிவிடும்? பழைய கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால், பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து எஞ்சின் சூடேறும். கீயை அணைத்து அணைத்துப் போட்டு 'படார்' வெடி வெடிப்பவர்கள் தனி ரகம். எரியாத பெட்ரோல் சூடான குழாயில் வெடிக்கும் சத்தம் அது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் சார்! கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதையும் சேர்த்துக் காலி பண்ணும்.

அடுத்தது கெத்து. 1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டுக்கு ஒரு 'டப்... டப்...' இருந்தது. அது சைலன்சர் கடையில் வாங்கியதல்ல. 70 மில்லிமீட்டர் சிலிண்டருக்குள் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும் நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், நிதானமான ஓட்டம். இதெல்லாம் சேர்ந்து வந்த சத்தம். அந்த நிதானத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகரக் கூச்சலை மாட்டிக்கொண்டு "ஒரிஜினல் புல்லட் சவுண்டு" என்று சொல்வது... என்ன கொடுமை சார் இது!

"சத்தம் இருந்தாத்தான் எதிரே வாரவன் ஒதுங்குவான், பாதுகாப்பு" என்பார்கள். குழாயின் வாய் பார்ப்பது பின்பக்கம். முன்னால் வருபவனுக்குத்தான் ஹாரன் இருக்கிறதே.

இனி கணக்குக்கு வருவோம். பி.காம் படிக்கிறவனுக்குத் தெரிந்த கணக்குதான். ஒருவனுடைய சந்தோஷத்தின் செலவை, அதில் ஒரு பைசா லாபமும் இல்லாத மற்றவர்கள் தலையில் கட்டுவதைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். இங்கே அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழ வேண்டும். வெயில் ஏறினால் அங்கே நிற்க முடியாது. விசைப்படகில் போகிறவர்களும் விடியலுக்கு முன் கடற்கரையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் பகலில்தான் தூங்க முடியும். ராத்திரி 11 மணிக்கு முறுக்கும் அந்த ஒரு முறுக்கு இவர்களுடைய கூலியில் கை வைக்கிறது. காலையில் 9 மணிக்கு எழுகிறவனுக்கு இது புரியாது.

இன்னொன்றும் உண்டு, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காதது. சில நாட்களில், சில தெருக்களுக்குள் வேண்டுமென்றே நாலைந்து வண்டி போய் முறுக்கிவிட்டு வருகிறது. அங்கே பேசுவது எஞ்சின் இல்லை, சாதி. நம் மாவட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

"லாரிக்காரனைக் கேட்டியா? மினிபஸ் ஹாரனைக் கேட்டியா? கோயில் குழாயைக் கேட்டியா?" நியாயமான கேள்வி, கேட்க வேண்டியதுதான். பல குரலில் அலறும் ஹாரனுக்கும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் தடை இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் காட்டினால் நம் கடன் கழியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிக்கும்போதே 80 டெசிபல்தான் வரம்பு. டெசிபல் சாதாரணக் கூட்டல் இல்லை. 80, 90 ஆனால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் வருட விதி வைத்த அளவு பகலில் 55, இரவில் 45. நிம்மதியாக இருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் வரும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

ஆனால் போலீஸ் மாட்டுவது யாரை? வாங்கியவனை மட்டும். கழற்றிய குழாய்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். அதே குழாய் பக்கத்துத் தெருக் கடையில் பளபளவென்று தொங்குகிறது, "ரேஸ் டிராக்குக்கு மட்டும்" என்று குட்டியாய் ஸ்டிக்கர் ஒட்டி. தமிழ்நாட்டில் ரேஸ் டிராக் இருப்பது இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும். தாமிரபரணிக் கரையில் எந்த டிராக்குக்கு இத்தனை குழாய் விற்கிறது? விற்பவனுக்கும் மாட்டிவிடுபவனுக்கும் அபராதம் வராதவரை ரோடு ரோலர் வெறும் படம்தான்.

கடைசியாக, மஸ்டாங்கைக் காட்டிப் பேசுகிறவர்களுக்கு. 2018 மாடல் மஸ்டாங்கில் ஃபோர்டு கம்பெனியே, அதிகாலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு எழாமல் இருக்க, சத்தத்தைக் குறைக்கும் வசதி ஒன்றை வைத்தது. அதற்கு வைத்த பெயர் 'நல்ல அண்டைவீட்டார்' முறை. 5 லிட்டர் வி8 எஞ்சின், 450 குதிரைசக்திக்கு மேல். அதற்கே அது தேவைப்பட்டிருக்கிறது. 20 குதிரைக்கு என்ன அலட்டல்?

பவர் வேண்டுமா, காசு சேர்த்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். சத்தம்தான் வேண்டுமா, கழற்றி மூலையில் போட்ட கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு அந்த 'டப்... டப்...'பைக் கேளுங்கள். உப்பளத்துக்குப் போகிறவர் கொஞ்சம் தூங்கட்டும் மக்கா.