இடம் கொடுத்தால் கூலியை வெட்டலாமா?



மழை பொய்த்த வருசங்களில் நம்ம பிள்ளைகளை நூல் மில்லுக்கு அனுப்பினோம். ஊருக்குள் வேனில் வந்த ஏஜெண்டு என்ன சொன்னான்? "தங்க இடம் இலவசம், சாப்பாடு இலவசம், பிள்ளை பத்திரமா இருக்கும்." முன்பு இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பேர். மூணு வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். பேர் மாறியது, ஹாஸ்டல் மாறவில்லை.

போன மாசம் சங்கத்துக்காரர் ஒருவர் மகளின் சம்பளச் சீட்டை மடித்து எடுத்து வந்தார். ஒண்ணரை ஏக்கர் கடலைக்காடு, கிணறு வத்திவிட்டது. சீட்டில் ஹாஸ்டலுக்கு ஒரு பிடித்தம், மெஸ்ஸுக்கு ஒரு பிடித்தம். பிள்ளை கையில் வாங்கியது பாதிக்குக் கொஞ்சம் மேலே. இலவசம் என்றது என்ன ஆச்சு? போய்க் கேட்டால் மேனேஜர் சொல்கிறார்: "ரூமும் சோறும் சேர்த்தா கவர்மெண்டு கூலி வந்துடுதே!"

வரவில்லை ஐயா! தங்குமிடம், விளக்கு, தண்ணீர் இவற்றின் மதிப்பு கூலிக் கணக்கில் சேராது என்று 1948-ஆம் வருசத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொன்னது. அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் வீட்டு வசதியைக் கூலிக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. ஆனால் கூலிக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதை 15 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. முதலாளிமார் நுழைய அந்தச் சந்து போதாதா?

கூலியை முழுசாகக் கணக்குப் போட்ட பிறகு வாடகை பிடிப்பது வேறு விசயம். அதற்கும் வரம்பு உண்டு. அந்த இடத்தைத் தொழிலாளி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இடத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஏற்றுக்கொள்வது என்றால் என்ன? வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தால்தானே வேண்டும் என்பதற்கு அர்த்தம்? வெளியே அறை எடுக்க அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒருநாள் கடைக்குப் போகவும் வார்டன் கூட வர வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிப்டில் ஆள் குறைந்தால் கதவைத் தட்டி எழுப்பலாம். அந்த ஹாஸ்டல் யாருக்கு வசதி? மில்லுக்குத்தான் வசதி. மில்லின் வசதிக்கு நம்ம பிள்ளை ஏன் வாடகை கட்ட வேண்டும்?

டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. நாம் சும்மா கூச்சல் போடவில்லை.

நம்ம பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசக்கும். தோட்டத்துச் சாளையில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, "இடம் ஓசி, கரண்டு ஓசி" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர் நம்ம சங்கத்திலும் உண்டு. நானே ஆறு வருசம் அப்படித்தான் செய்தேன். நடுராத்திரி மும்முனைக் கரண்டு வந்தால் எழுந்து மோட்டார் போட்டது யார்? சாளைக்காரர்தான். அந்தத் தூக்கத்துக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. போன தையிலிருந்து முழுக்கூலி கொடுக்கிறேன். சிரமம்தான். விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை கேட்டு ரோட்டில் உட்காரும் நாம், நம்மிடம் வேலை செய்பவரின் கூலியில் கை வைத்துவிட்டு மில்காரனை எந்த வாயால் கேட்பது?

ஆகவே கேட்கிறோம்: ஹாஸ்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுக்கூலி கொடு! விருப்பப்பட்டவர் வெளியே தங்க விடு! பிடித்தம் ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதிக் கொடு!

மகளோ மருமகளோ மில்லில் இருந்தால் சம்பளச் சீட்டுகளை வாங்கி வையுங்கள். சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. குறைத்துக் கொடுத்த கூலியை மூன்று வருசத்துக்குள் மனுப்போட்டுக் கேட்கலாம். தொழிலாளி உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் மனுப்போடலாம். சீட்டுகளோடு ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். சாளையில் ஆள் வைத்திருப்பவர்களும் கூலி நோட்டோடு வாருங்கள்.