மாற்றிக் கட்டிய வீட்டுக்கு வரலாறு இல்லையா?

ஒரு பழைய வீட்டை நினைவுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்று கேட்டால், வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: ‘அதில் பழசு என்ன மிச்சம் இருக்கிறது?’ கூரை மாறிவிட்டது. சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கிவிட்டார்கள். தரையில் டைல்ஸ் போட்டாயிற்று. முன்பக்கம் கடை வந்துவிட்டது. இனி இதில் காப்பதற்கு ஒன்றும் இல்லை, இடித்துவிடலாம் என்று முடிவாகிவிடும்.

கேட்பதற்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது. அண்ணல் அம்பேத்கரோடு தொடர்புடைய மூன்று கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

லண்டனில் தப்பிய வீடு

முதலாவது, லண்டன் மாநகரின் கேம்டன் பகுதியில் கிங் ஹென்றி சாலையில் உள்ள 10ஆம் எண் வீடு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்த காலத்தில், 1921-22இல், அம்பேத்கர் இங்கே தங்கியிருந்தார். அதன் பிறகு 90 ஆண்டுகளுக்கு மேல் அது பிறர் குடியிருந்த வீடு. அவர் வாழ்ந்ததைச் சொல்லும் பலகை ஒன்று மட்டும் வெளிச்சுவரில் இருந்தது. வீடு விற்பனைக்கு வந்தபோது, 2015இல் மகாராஷ்டிர அரசு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் மோடி அதை நினைவு இல்லமாகத் திறந்து வைத்தார்.

சிக்கல் அதன் பிறகு வந்தது. குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகமாக மாற்ற அந்நாட்டுச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். பார்வையாளர் கூட்டமும் சத்தமும் தொல்லை தருவதாக அக்கம்பக்கத்தில் சிலர் புகார் செய்தனர். ஒரு குடியிருப்பு குறைந்துபோகும் என்று சொல்லி, கேம்டன் நகர மன்றம் அனுமதி மறுத்தது. மேல்முறையீடு செய்யப்பட்டது. 2019இல் பொது விசாரணை நடந்தது. 2020 மார்ச்சில் பிரிட்டன் அரசு அனுமதி வழங்கியது. வீடு நினைவு இல்லமாகவே தொடர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு மாணவர், கடல் கடந்து போய்ப் படித்த காலத்தில் தங்கிய வீடு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த வீடு வாங்கப்பட்டது. அவர் இருந்தது ஓராண்டுக் காலமே ஆனாலும் அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. இரண்டாவது, வாங்குவதற்குப் பணமும் வாதாடுவதற்கு வழக்கறிஞர்களும் ஒரு மாநில அரசிடம் இருந்தன.

டெல்லியில் காணாமல் போன வீடு

இரண்டாவது, டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீடு. 1951இல் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகிய அம்பேத்கர், அதன் பிறகு குடியிருந்தது இங்கேதான். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை எழுதி முடித்ததும் இங்கேதான். 1956 டிசம்பர் 6 அன்று அவர் உயிர் பிரிந்ததும் இந்த வீட்டில்தான்.

அவருடைய மறைவுக்குப் பிறகு அந்த வீடு தனியார் கைகளுக்குப் போனது. 2003இல்தான் மத்திய அரசு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 2018 ஏப்ரல் 13 அன்று அங்கே தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. விரித்த புத்தக வடிவில் எழுந்துள்ள அந்தக் கட்டடம் கம்பீரமானது. ஆனால், அண்ணல் வாழ்ந்த வீடு இன்று அங்கே இல்லை. லண்டனில் ஓராண்டு தங்கிய வீட்டுக்குள் இன்றும் நாம் நுழைய முடியும். டெல்லியில் அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்த வீட்டுக்குள் நுழைய முடியாது. வீடு கைமாறிய காலத்தில் அதை வாங்கிக் காக்கும் வசதி நம் மக்களிடம் இல்லை. காக்க வேண்டியவர்கள் அசைந்து கொடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

மும்பையில் இரவோடு இரவாக

மூன்றாவது, மும்பை தாதர் பகுதியில் இருந்த அம்பேத்கர் பவன். அண்ணல் நடத்திய இதழ்கள் அச்சான அச்சகம் அதே வளாகத்தில் இருந்தது. 2016 ஜூன் 25 அன்று, விடிவதற்கு முன்பாகவே அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. கட்டடம் பழுதாகி ஆபத்தான நிலையில் இருக்கிறது, அந்த இடத்தில் பல மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறோம் என்றது பொறுப்பிலிருந்த அறக்கட்டளைத் தரப்பு. அம்பேத்கரின் பேரர்கள் எதிர்த்தார்கள். ஜூலை 19 அன்று மும்பையில் பெரும் பேரணி நடந்தது.

கட்டடம் உண்மையிலேயே பழுதடைந்திருக்கலாம். அதை மறுப்பது நம் நோக்கம் அல்ல. பகலில், அதன் மீது உரிமையும் உணர்வும் கொண்ட மக்களைக் கூட்டிவைத்து, பொறியாளர் அறிக்கையைப் படித்துக்காட்டிச் செய்திருக்க வேண்டிய ஒன்றை, ஊர் உறங்கும் நேரத்தில் செய்தது ஏன் என்பதே கேள்வி. செய்தது நம்மவர்களே என்றாலும் இந்தக் கேள்வி மாறாது.

நூறு ஆண்டு என்னும் அளவுகோல்

நம் நாட்டில் தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. ஒரு கட்டடம் தொல்சின்னம் என்று கருதப்பட அதற்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அது. கோயிலுக்கும் கோட்டைக்கும் அரண்மனைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நமக்கு?

தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவைக் கொண்ட அரசமைப்புச் சட்டத்துக்கே இன்னும் 100 வயது ஆகவில்லை. தமிழ்நாட்டில் தாட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது 1974இல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காக இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியது 1985இல். நம் காலனிகளில் மழைக்கு ஒழுகாத முதல் தளம் போட்ட வீடுகள் பல வந்தது இப்படித்தான். நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் அளவுக்குக் கல்லும் காரையும் கொண்டு வீடு கட்டிக்கொள்ள நம் முன்னோரை யார் விட்டார்கள்?

இது வெறும் வறுமை சார்ந்த விஷயமும் அல்ல. தீண்டத்தகாதோர் எதையெல்லாம் செய்தால் ஊரார் அதைக் குற்றமாகக் கருதினார்கள் என்று அம்பேத்கர் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். நல்ல துணி உடுத்துவது, செருப்பு அணிவது, பிள்ளைகளுக்கு மதிப்பான பெயர் வைப்பது ஆகியவற்றோடு, ஓட்டுக் கூரை போட்ட வீடு கட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தெருவில் உள்ள ஒரு பழைய வீட்டைப் பாருங்கள். மண்சுவரில் கீற்றுக் கூரையோடு நின்றது. ஒரு தலைமுறை அதை ஓட்டு வீடாக்கியது. அடுத்த தலைமுறை செங்கல் சுவர் எழுப்பியது. அதற்கடுத்த தலைமுறை, வாத்தியார் வேலையோ ரயில்வே வேலையோ கிடைத்த பின் தளம் போட்டது. கட்டடக் கலை வல்லுநர் இதைப் பார்த்து ‘மூலவடிவம் சிதைந்துவிட்டது’ என்று எழுதுவார். ஆனால், கீற்றிலிருந்து ஓட்டுக்கு மாறியது ஒரு தடையை மீறியதன் சாட்சி. செட்டிநாட்டு மாளிகை மாறாமல் நிற்பது அதன் பெருமை என்றால், நம் வீடு மாறிக்கொண்டே வந்தது நம் பெருமை. மாற்றத்தைக் காரணம் காட்டி அதை வரலாற்றுக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது சரியாகாது.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கான்கிரீட் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும் தொகுப்பு வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மழை பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடும் தாயிடம் போய், ‘இது வரலாறு, இடிக்காதீர்கள்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் புது வீடு கிடைக்குமானால் அதை வாங்கிக்கொள்வதே முறை. நம் வறுமையைக் கண்காட்சியாக வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை.

வீடே இல்லாமல் போனாலும் இடம் பேசும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் எரிந்த அந்தக் குடிசை இன்று இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால், அந்த மண்ணிலேயே நினைவுச் சின்னம் எழுந்ததால், ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் அங்கே கூடுகிறார்கள். அந்த இடத்தில் வேறொரு கட்டடம் வந்திருந்தால், அடுத்த தலைமுறைக்கு எதைக் காட்டியிருப்போம்?

இடிக்கும் முன் நான்கு கேள்விகள்

ஆகவே, ஊரில் ஒரு பழைய வீட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது ‘பழசு எவ்வளவு மிச்சம்?’ என்பதை விட்டுவிட்டு, நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம் என்று நினைக்கிறோம்.

ஒன்று, இங்கே என்ன நடந்தது? இரவுப் பள்ளி நடந்ததா, கூலி உயர்வுக்கான முதல் கூட்டம் நடந்ததா, ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் அடைக்கலம் புகுந்தார்களா? எதுவும் இல்லையென்றால், தயங்காமல் இடித்துப் புதிதாகக் கட்டலாம்.

இரண்டு, இப்போது அதில் யார் வாழ்கிறார்கள்? காப்பது என்று முடிவானால், அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீடு கையில் கிடைத்த பிறகே மற்ற வேலை.

மூன்று, நடந்ததைச் சொல்லும் பகுதி எது? முழு வீட்டையும் காக்க முடியாமல் போகலாம். கூட்டம் நடந்த திண்ணையை, பள்ளி நடந்த ஒரு அறையை, அல்லது ஒரு சுவரை மட்டும் பழுதுபார்த்து நிறுத்தலாம். அதுவும் முடியாவிட்டால், இடத்தையாவது ஒதுக்கிக் கல்வெட்டு வைக்கலாம்.

நான்கு, முடிவெடுப்பது யார்? ஒப்பந்ததாரரோ, ஒரு அதிகாரியோ, ஒரு தலைவரோ தனியாக முடிவெடுக்கக் கூடாது. அதற்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால், இரவோடு இரவாக யாரும் பொக்லைன் கொண்டுவருவது கடினம்.

இதில் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை பெரியது. கைப்பேசி போதும். வீட்டின் நான்கு பக்கமும் உள்ளறைகளும் படமாகட்டும். நீள அகலத்தை அளந்து நோட்டில் வரையுங்கள். எந்த ஆண்டு ஓடு போட்டார்கள், எப்போது தளம் வந்தது, அதற்கு யார் தடையாக நின்றார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். பட்டா, வீட்டு வரி ரசீது, பழைய புகைப்படம் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். வீடு நின்றாலும் போனாலும் இந்தப் பதிவு நிற்கும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே செய்தாக வேண்டிய வேலை இது.