முனைவர் பட்டம் மருந்தாளுநர் உரிமம் ஆகாது

அமெரிக்காவில் மருந்து அறிவியலில் பிஎச்.டி. முடித்துவிட்டால் அந்தத் துறையில் எந்த வேலைக்கும் போகலாம், மருந்தாளுநர் உரிமமும் தானாகக் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் பார்மசி கல்லூரிகளில் வேரூன்றிக் கிடக்கிறது. பி.ஃபார்ம் இறுதியாண்டு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் இதை ஐயமின்றி நம்புகிறார்கள். இது தவறு. இதை நம்பி விமானம் ஏறும் இளைஞர்கள் தங்கள் வாழ்வின் ஐந்தாறு ஆண்டுகளை விலையாகக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் மருந்தாளுநராகப் பணியாற்ற மாநில பார்மசி வாரியத்தின் உரிமம் வேண்டும். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் அதற்கு முன்பாக, அந்த வாரியங்களின் தேசியச் சங்கமான என்.ஏ.பி.பி. வழங்கும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழைப் பெற வேண்டும். 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பட்டம் பெற்றவர் குறைந்தது ஐந்தாண்டு பார்மசி படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்திய பி.ஃபார்ம் நான்காண்டுப் படிப்பு. மேலே எம்.ஃபார்ம் இரண்டாண்டைச் சேர்த்து ஆறு என்று கணக்குக் காட்டவும் முடியாது. மருந்தாளுநர் ஆவதற்கான அடிப்படைப் பட்டம் எத்தனை ஆண்டு என்பதையே விதி பார்க்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே வாங்கிய பிஎச்.டி.யும் இந்தக் குறையை நிரப்பாது. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கு வழி உண்டு. ஆனால் அவர்களும் தகுதித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணிநேரம், நேப்ளெக்ஸ் எனும் உரிமத் தேர்வு என்று ஒவ்வொன்றாகத் தாண்டியாக வேண்டும். அதில் எந்தப் படியிலும் முனைவர் பட்டம் கேட்கப்படுவதில்லை.

இவ்வளவு தெளிவான விதி இருந்தும் நம்பிக்கை சாகாததற்குக் காரணம் உண்டு. 2003க்கு முன் பட்டம் பெற்ற நான்காண்டுப் படிப்பினருக்கு இதே வழி திறந்திருந்தது. மேற்படிப்புக்காகச் சென்று, தேர்வெழுதி, மருந்துக்கடைச் சங்கிலிகளில் நல்ல சம்பளத்தில் அமர்ந்த சீனியர்களின் கதைகள் கல்லூரிகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. அந்த ஆண்டோடு வழி அடைபட்டது மட்டும் கதையில் சேர்வதில்லை. பிஎச்.டி. மாணவருக்குக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகி மாத உதவித்தொகையும் கிடைக்கிறது; அமெரிக்க ஃபார்ம்.டி.க்கோ முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கடன் வாங்க அஞ்சும் குடும்பம், செலவில்லாத படிப்பே செலவு மிக்க படிப்பின் பலனையும் தரும் என்று நம்ப விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்தைத் திருத்த வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் உண்டு. பலர் அதைச் செய்வதில்லை.

நோயாளிக்கு மருந்து கொடுத்து விளக்கும் வேலையைத்தான் ஒருவர் விரும்புகிறார் என்றால் அதற்கு வேறு நாடுகளில் நேர்வழிகள் உள்ளன. கனடாவின் பெப்க் தேர்வு வாரியம் நான்காண்டு பி.ஃபார்மை மதிப்பீட்டுக்கு ஏற்கிறது. பிரிட்டனில் ஓஸ்பாப் எனும் ஓராண்டு மேற்படிப்பும் அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் பதிவுத் தேர்வும் உண்டு. ஆஸ்திரேலியாவில் தகுதித் தேர்வும் மேற்பார்வையில் பயிற்சியும். எதுவுமே எளிதல்ல, ஆனால் எதற்கும் ஆய்வேடு எழுத வேண்டியதில்லை.

முனைவர் படிப்பு பழக்கித் தரும் வேலை முற்றிலும் வேறு. மாத்திரை வடிவமைப்பில் ஆய்வு செய்யும் மாணவரின் ஒரு நாளைப் பார்த்தாலே இது விளங்கும். கரைதல் சோதனைக் கருவியின் ஆறு கண்ணாடிக் கலங்களில் 900 மில்லி திரவம், 37 டிகிரி வெப்பம், நிமிடத்துக்கு 50 முறை சுழலும் துடுப்பு. குறித்த நிமிடங்களில் மாதிரி எடுத்து, வடிகட்டி, ஹெச்.பி.எல்.சி. கருவியில் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். மறுநாள் வரைபடத்தில் ஒரு கலம் மட்டும் விலகி நின்றால், மாத்திரையை அழுத்திய விசையா, மூலப்பொருளின் துகள் அளவா என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தும் மனம் கொண்டவருக்கு இது பெரும் மகிழ்ச்சி தரும் வேலை. கவுண்டரில் மனிதர்களோடு பேச விரும்புபவருக்கு அது சிறைவாசம்.

எந்தப் பிரிவில் படித்தாலும் பிஎச்.டி. பிஎச்.டி.தான் என்பது இதே நம்பிக்கையின் மற்றொரு வடிவம். உண்மையில் வேலையைப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. மருந்து வடிவமைப்புப் பிரிவினருக்கு நியூ ஜெர்சி, பாஸ்டன் பகுதி நிறுவனங்களின் உருவாக்கத் துறைகள் உண்டு. மருந்தளவு மாதிரியாக்கம் எனும் கணிதப் பிரிவில் நோன்மெம் போன்ற மென்பொருளில் தேர்ந்தவரை நிறுவனங்களும் நாடுகின்றன, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அவருடைய அறிக்கைகளைக் கொண்டு முடிவெடுக்கிறது. மருந்துப் பொருளாதாரம் படித்தவர் காப்பீட்டுத் தரவுகளோடு வேலை செய்கிறார். ஆய்வகத்துக்குள் நுழைவதே இல்லை. மருந்து வேதியியலில் மூலக்கூறு தொகுக்கும் வேலையின் பெரும்பகுதி ஹைதராபாத், பெங்களூரு, ஷாங்காய் ஒப்பந்த ஆய்வகங்களுக்குச் சென்றுவிட்டது. இதை அறியாமல் அப்பிரிவில் சேர்பவர், அமெரிக்காவில் படித்து முடித்தபின் தன் வேலை ஹைதராபாத்தில் நடப்பதைக் காண நேரலாம்.

விசா பற்றியும் இதுபோன்ற தவறான நம்பிக்கை உண்டு. அறிவியல் பட்டம் என்பதால் 12 மாதப் பணிப்பயிற்சி அனுமதிக்கு மேல் 24 மாதம் நீட்டிப்புக் கிடைக்கும். பல்கலைக்கழகப் பணிக்கு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலும் இல்லை. இவை உண்மையான சலுகைகள். ஆனால் தேசிய நலன் விலக்கு பெற்றுவிட்டால் கிரீன் கார்டு உடனே வந்துவிடும் என்பது பொய். அந்த விலக்கு, வேலை கொடுப்பவரின் ஆதரவு தேவையில்லை என்று மட்டுமே சொல்கிறது. இந்தியாவில் பிறந்தவர்கள் கிரீன் கார்டுக்கான இ.பி.-2 வரிசையில் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கும் நிலையை அது மாற்றுவதில்லை.

பேராசிரியர் பதவிதான் முனைவரின் உரிய இடம், நிறுவனத்துக்குப் போவது இறக்கம் என்ற எண்ணமும் களைய வேண்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ் 1930இல் ஹார்வர்டில் முனைவரானார். அங்கே அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். ஃபோலிக் அமிலத்தின் தொகுப்பும், யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டை எதில் கார்பமசைனும் அந்த நிறுவன ஆய்வகத்தில் அவர் தலைமையில் பிறந்தவை.

ஆராய்ச்சியையே விரும்பி முனைவர் படிப்புக்குச் செல்பவர் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். நெறியாளருக்கு நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதியாக இருக்கிறது, அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் பட்டம் முடித்தார்கள், இடையில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறியவர்கள் உண்டா, கடைசியாக முடித்த ஐந்து பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள் முடிவைத் தீர்மானிக்கட்டும். சில ஆய்வகங்கள் இவற்றைத் தங்கள் இணையப் பக்கத்திலேயே தருகின்றன. தராத இடத்தில் அங்கு படிக்கும் மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். நெறியாளரிடமும் நேர்காணலின்போதே கேட்கலாம், அங்கே அதை யாரும் தவறாக எண்ணுவதில்லை.