பெயர் தாங்கும் பூங்காவில் தூண்டிலுக்கும் இடமுண்டு

பாரிஸுக்கு வடக்கே உள்ள ஸ்தேன் நகரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் ஞாயிறு, தெற்கே போகும் ரயிலில்தான் தொடங்கும். கார் து நோரில் இறங்கி, லா சப்பலில் முருங்கைக்காயும் மீனும் வாங்கி, மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, கொத்துரொட்டிப் பொதியோடு வீடு திரும்பினால் பொழுது போய்விடும். "பிள்ளையள் எந்த நேரமும் ஃபோனோடதான் கிடக்குதுகள்" என்று குறைப்படுவதும் அதே பெற்றோர்தான். இத்தனைக்கும் அவர்களுடைய ஊர் எல்லையிலேயே, 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் ஜோர்ஜ் வல்போன் பூங்கா விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். பெரிய ஏரி மட்டுமே 12 ஹெக்டேர். பியர்ஃபித்-ஸ்தேன் நிலையத்தில் T11 டிராம் ஏறினால், அடுத்த தரிப்பான லா செரிசேயில் இறங்கி நடந்து போகலாம்.

ஜோர்ஜ் வல்போன் (1924–2009) கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1965 முதல் முப்பது ஆண்டுகள் பொபினி நகர மேயராக இருந்தவர். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்-சென்-தெனி மாவட்டம் உருவானபோது அதன் மாவட்டச் சபைக்கு முதல் தலைவரும் அவரே. தொழிலாளர் குடியிருப்புகள் நெருக்கியடித்த மாவட்டத்தில் இவ்வளவு பெரிய திறந்தவெளியை உண்டாக்கியதில் அந்தச் சபைக்குப் பெரும் பங்குண்டு. பழைய லா கூர்நெவ் பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான்.

இந்த நிலம் இயற்கையாய் அமைந்த சோலை அல்ல. பாரிஸுக்குக் காய்கறி விளைவித்த தோட்டவெளி இது. பிறகு, ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த கூலிக் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த லா காம்பா சேரி இங்கே இருந்தது. இன்று பிள்ளைகள் உருண்டு விளையாடும் மேடுகளில், பாரிஸின் லெ ஆல் சந்தையை இடித்துத் தோண்டிய மண்ணும் கிடக்கிறது.

இந்தப் பூங்காவும் ஒரு தலைவரின் நினைவிடம்தான். ஆனால் நினைவிடம் என்றால் தமிழருக்குச் சிலையும் சமாதியும் மாலையும்தான் கண்முன் வரும். சென்னை மெரினாவில் அண்ணா முதல் கருணாநிதி வரை தலைவர்கள் வரிசையாக உறங்குகிறார்கள். கூட்டம் குறையாத இடம். அதே கடற்கரையில் நொச்சிக்குப்பம் மீனவர்கள், சாலையோரம் மீன் விற்கும் உரிமைக்காக 2023 ஏப்ரலில் மறியல் செய்ய வேண்டி வந்தது. கடலுக்குள் கருணாநிதிக்கு 134 அடி உயரப் பேனா நினைவுச் சின்னம் எழுப்பும் திட்டத்துக்கு, அதே ஆண்டு ஜனவரியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தவர்களும் மீனவர்களே. தலைவரின் பெயரும் கரையில் பிழைப்பவரின் வலையும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன. வல்போன் பூங்காவில் அந்த மோதல் இல்லை. நடப்பவரும் ஓடுபவரும் புல்லில் சாப்பாட்டைப் பரப்புபவரும் அந்தப் பெயரைப் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெயர் மட்டும் நிலத்தைக் காக்கவில்லை. பூங்காவின் ஓரங்களை வெட்டி 24,000 வீடுகள் கட்டலாம், இது பெரும் பாரிஸின் 'சென்ட்ரல் பார்க்' ஆகட்டும் என்று கட்டடக் கலைஞர் ரோலான் காஸ்த்ரோ ஒரு திட்டம் கொடுத்தார். 'எங்கள் பூங்கா விற்பனைக்கு அல்ல' என்ற பெயரிலேயே அயலவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 2015இல் அரசு பின்வாங்கியது. பின்னர் 2024 ஒலிம்பிக்குக்காக துய்னியில் ஊடகக் கிராமம் கட்டப் பூங்காவை ஒட்டிய நிலம் எடுக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில் வேலை இடைநிறுத்தப்பட்டு, ஜூலையில் தடை நீங்கியது. அந்த முறை குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். ஆனாலும் இராணுவத்தின் பழைய எரிபொருள் கிடங்கு நிலம் துப்புரவாக்கப்பட்டுப் பூங்காவோடு சேர்ந்தது.

இதையெல்லாம் பூங்காவின் வாசலிலேயே வாழும் தமிழர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் தூரத்தில் இருந்துவிடுகிறார்கள். அந்த விலகலை மாற்ற, தூண்டில் ஒரு நல்ல தொடக்கம்.

யாழ்ப்பாணக் கரையின் குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் பிறந்தவர்களுக்குத் தூண்டில் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சட்டத்தைத்தான் சொல்லித்தர வேண்டும். பொது நீர்நிலையில் மீன்பிடி அட்டை இல்லாமல் தூண்டில் போட முடியாது. ஒரு நாளுக்கான அட்டையும் உண்டு; 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தனி அட்டை குறைந்த விலையில் கிடைக்கும். வீச்சுவலைக்கு அந்த அட்டை செல்லாது. பைக் எனப்படும் நன்னீர் மீன்களை ஜனவரிக் கடைசி ஞாயிறுக்குப் பிறகு, ஏப்ரல் கடைசிச் சனி வரும்வரை தொடக்கூடாது. பூங்காவின் நீர்நிலைகள் எல்லாவற்றிலும் தூண்டில் போட்டுவிட முடியாது. புரூய்யார் குளத்து நாணலில் பிளோங்கியோ நேன் என்ற சின்னஞ்சிறு குருகு கூடு கட்டுகிறது. அது போன்ற பறவைகளுக்காகவே 2006இல் மாவட்டப் பூங்காக்கள் ஐரோப்பாவின் 'நாத்துரா 2000' பாதுகாப்புக்குள் வந்தன. தூண்டிலை எடுக்குமுன் கரையிலுள்ள பலகையை வாசிக்க வேண்டும்.

பிடித்ததை நீரிலேயே விட்டுவிடலாம் என்று சொன்னால், "பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதுக்கா காசு கட்டுறது?" என்ற கேள்வி எழத்தான் செய்யும். கரையில் நின்றதும் குழம்புச் சட்டி நினைவுக்கு வருவது வழிவழி வந்த பழக்கம். அட்டைக் காசின் ஒரு பகுதி, மீன்குஞ்சு விடவும் நீர்நிலையைப் பேணவும் மீன்பிடிச் சங்கங்களுக்குப் போகிறது என்பது ஒரு பதில். இன்னொன்று உடல்நலம். 1987இல் பிரான்ஸ் தடைசெய்த பி.சி.பி. என்ற மின்சாதன எண்ணெய்ப் பொருள் இன்னும் ஆற்றுச் சேற்றில் தங்கி, விலாங்கு, கார்ப், சிலூர் போன்றவற்றின் கொழுப்பில் சேர்கிறது. இத்தகைய நன்னீர் மீன்களை மாதம் இரு முறைக்கு மேல் உண்ண வேண்டாம் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ் சொல்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையே எல்லை. பிள்ளைகளோடு தூண்டில் போடும் தமிழ்க் குடும்பம் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

அதைத் தமிழில் சொல்ல லா சப்பல் கடைகளின் கண்ணாடிக் கதவுகளே போதும். கச்சேரி விளம்பரங்களுக்குப் பக்கத்தில் அட்டை, காலம், உண்ணும் அளவு மூன்றையும் சொல்லும் ஒரு தாள் ஒட்டலாம். தமிழ்ப் பள்ளிகள் ஆண்டில் ஒரு வகுப்பையாவது ஏரிக்கரையில் நடத்தலாம். அடுத்த முறை பூங்காவின் ஓரத்தில் அளவுக்கல் நடும்போது மாவட்டச் சபை கூட்டும் கருத்துக்கேட்பில் ஸ்தேன் தமிழ்ச் சங்கங்களும் எழுந்து பேச வேண்டும். அதற்கான பெயர்ப்பட்டியலை இப்போதே தொடங்கலாம்.