ஏசி நிக்க மாட்டேங்குதா? உடனே கேஸ் மேல பழி போடாதீங்க!

சித்திரை வெயில் ஆரம்பிச்சா எங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு கேக்கிற டயலாக் ஒண்ணு இருக்கு. "தம்பி, ஏசி ஓடுது ஓடுது ஓடிக்கிட்டே இருக்கு. கட்-ஆஃப் ஆக மாட்டேங்குது. மெக்கானிக் வந்து பாத்தாரு, கேஸ் போயிருச்சாம்." போன வருஷமும் போச்சு. அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. அடுத்த வருஷமும் போகும், எழுதி வச்சுக்கோங்க.

ஏன் போகுதுன்னு மட்டும் யாரும் கேக்கிறதில்லை.

மக்களே, ஒரு அடிப்படை விஷயம். ஏசி கேஸ் பைக்குல ஊத்துற பெட்ரோல் கிடையாது, ஓட ஓடத் தீர்றதுக்கு. செப்புக் குழாய்க்குள்ள அடைச்சு வச்ச கேஸ் உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். கசிவு இல்லைன்னா பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துறது, மெமரி லீக் ஆகுற ப்ரோக்ராமை தினமும் ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான். நம்ம பொட்டி தட்டுற சாதியில நிறையப் பேர் அதைச் செய்யிறோம், ஹி ஹி. ஆனா அதுக்குப் பேர் ரிப்பேர் இல்லை.

இன்னொண்ணு. ரொம்ப நேரம் ஓடுறது எல்லா நேரமும் கோளாறு இல்லை. இப்ப விக்கிற ஏசியில பெரும்பாலானவை இன்வெர்ட்டர் வகை. பழைய ஏசி முழு வேகத்துல ஓடும், ரூம் குளிர்ந்ததும் சட்டுனு நிக்கும், திரும்ப ஓடும். இன்வெர்ட்டர் ஏசி அப்படி இல்லை. ரூம் குளிர்ந்ததும் வேகத்தைக் குறைச்சுக்கிட்டு மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுறவங்களைப் பாருங்க. அடுப்பை அணைச்சு அணைச்சா பத்த வைக்கிறாங்க? தீயைத் தணிச்சு வச்சுக்கிட்டுக் கிண்டிக்கிட்டே இருப்பாங்க. அதே கதைதான். அதனால "நிக்க மாட்டேங்குது"ன்னு புலம்புறதுக்கு முன்னாடி, உங்க வீட்ல இருக்கிறது எந்த வகைன்னு பாருங்க.

சரி, நிஜமாவே கோளாறுதான்னு எப்படித் தெரியும்? மீட்டரைப் பாருங்க. ராத்திரி படுக்கப் போகும்போது ரீடிங், காலையில எழுந்ததும் ரீடிங். ஒன்றரை டன் பழைய வகை ஏசி தோராயமா மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம் நிக்காம ஓடினா 12 யூனிட். பாதி நேரம் நின்னு ஓடினா 6. ரெண்டு மாச பில்லுல வித்தியாசம் 360 யூனிட்!

இதுல நம்ம ஊர் மின்கட்டணத்தோட கிண்டல் வேற. 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1725 ரூபாய். 501 யூனிட் ஆனா 1958 ரூபாய். 500ஐத் தாண்டின உடனே 101லிருந்து 200 வரைக்கும் கிடைச்ச குறைஞ்ச ரேட் போயிருது. அந்த ஒத்த யூனிட்டோட விலை 233 ரூபாய்! பின்னால ரேட் மாறிச்சு, ஆனா 'கோட்டைத் தாண்டினா அடி'ங்கிற பாடம் அப்படியேதான் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பக் ஃபிக்ஸ் பண்றவனுக்கு ஒரு விதி உண்டு: செலவில்லாததை முதல்ல பாரு, செலவு வைக்கிறதைக் கடைசியில பாரு. அந்த வரிசையில:

1. ரிமோட். 18ல வச்சா சீக்கிரம் குளிராது. பழைய வகை ஏசிக்கு 18ம் 24ம் ஒரே வேகம்தான், 18ல வச்சா நிக்கிற நேரம்தான் தள்ளிப்போகும். 40 டிகிரி வெயில்ல அது 18ஐத் தொடவே போறதில்லை, அப்புறம் எப்படி நிக்கும்? 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ரூம் ஏசிகள் 24ல ஆரம்பிக்கணும்னு அரசாங்கமே விதி போட்டது சும்மா இல்லை.

2. ஃபில்டர். ராஜபாளையம் மில்லு ஊரு. பக்கத்துல சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறிகள். பஞ்சுத் தூசிக்குக் கேக்கணுமா? தூசி அடைச்சா காத்து போகாது, காயில்ல ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினதைப் பாத்த உடனே "கேஸ் கம்மி"ம்பாங்க. கேஸ் குறைஞ்சாலும் ஐஸ் கட்டும்தான், ஆனா ஃபில்டர் அடைச்சாலும் கட்டும். கழட்டிக் குழாய்த் தண்ணியில கழுவ பத்து நிமிஷம்.

3. வெளிப்பெட்டி. உள்ளே இருந்து இழுத்த சூட்டை அதுதான் வெளியே தள்ளணும். அது முன்னாடி பழைய கட்டில், காயப்போட்ட பெட்ஷீட், தென்னை மட்டைன்னு அடுக்கி வச்சா அது விட்ட சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். பின்பக்கத் தகடுகள்ல தூசி படிஞ்சாலும் இதே நிலைமைதான்.

4. மொட்டை மாடி. பகல் பூரா வெயில் குடிச்ச காங்கிரீட் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும். மாடி ரூம்ல ஏசி நிக்காம ஓடுதுன்னா அது ஏசியோட தப்பு இல்லை, கூரையோட தப்பு. தட்டோடு பதிக்கிறதோ, வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறதோ எந்த மெக்கானிக்கும் சொல்லித் தர மாட்டார்.

5. சென்சார். ரூம் சூட்டைப் பாத்துச் சொல்ற குட்டி உறுப்பு. அது தப்பாச் சொன்னா ரூம் ஐஸ்பெட்டி ஆனாலும் ஏசி நிக்காது. சின்னச் செலவு. அதே மாதிரி ஃபேன் மட்டும் ஓடி கம்ப்ரெசர் ஓடலைன்னா, முதல்ல வோல்டேஜையும் கெபாசிட்டரையும் பாக்கச் சொல்லுங்க.

இத்தனையும் பாத்த பிறகுதான் ஆறாவதா கேஸ். அதுலயும் ஒழுங்கான முறை இருக்கு. நைட்ரஜன் அடிச்சு, இணைப்புகள்ல சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். அதை அடைச்சு, வேக்குவம் போட்டு, பெட்டியில ஒட்டியிருக்கிற அளவைப் பாத்து தராசுல எடை போட்டு ஏத்தணும். சும்மா "கொஞ்சம் ஏத்திவிட்டிருக்கேன் சார்" எல்லாம் கதை. தேவைக்கு மேல ஏத்தினாலும் ஏசி சரியா குளிராது, கம்ப்ரெசருக்கும் கேடு. போதாக்குறைக்கு, புது ஏசிகள்ல வர்ற ஆர் 32 கேஸ் தீப்பிடிக்கக்கூடிய வகை. ஒரு கிலோ வெளியே கசிஞ்சா சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமா பூமியைச் சூடாக்கும். ஆர் 410ஏ-ன்னா ரெண்டாயிரம் கிலோவுக்கு மேல. வருஷா வருஷம் அதைக் காத்துல விட்டுட்டு, வெயில் ஜாஸ்தியாயிருச்சுன்னு நாமளே புலம்புறோம்.

இவ்வளவு சொல்லிட்டேன், உடனே "மெக்கானிக் எல்லாம் திருட்டுப் பசங்க"ன்னு கிளம்பிராதீங்க. நான் சொல்ல வந்ததே வேற.

ஒரு மெக்கானிக் நாப்பது டிகிரி வெயில்ல வந்து, அரை மணி நேரம் பாத்துட்டு, "ஒண்ணும் இல்லைம்மா, அந்தப் பெட்ஷீட்டை எடுங்க, ஃபில்டரைக் கழுவுங்க"ன்னு சொன்னா நாம எவ்வளவு கொடுப்போம்? மிஞ்சிப்போனா நூறு ரூபாய், அதையும் முணுமுணுத்துக்கிட்டே. அதே ஆள் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து உஸ்ஸுனு சத்தம் வர ஏத்தினா ஆயிரக்கணக்குல எண்ணிக் கொடுப்போம். சத்தத்துக்குக் காசு, மூளைக்குக் காசு இல்லை! அப்புறம் அவர் ஏன் யோசிக்கப் போறார்? யோசிக்கிற மெக்கானிக்கைப் பட்டினி போட்டு, கேஸ் ஏத்துற மெக்கானிக்கை வளர்த்து விட்டது நாமதான்.

ஒரு வரி மாத்துறதுக்கு மூணு நாள் எடுத்துக்கிட்டு, "எந்த வரின்னு கண்டுபிடிக்கத்தான் சார் சம்பளம்"னு பேசுற நாமளே இதைச் செய்யலாமா?

இதுல மாட்டிக்கிறது யாரு? பிள்ளைங்க சென்னை, பெங்களூரு, அமெரிக்கான்னு போயிட்ட வீட்ல இருக்கிற அம்மா அப்பாதான். நாம ஆன்லைன்ல ஏசி வாங்கி அனுப்பி, மகன் கடமையை முடிச்சிர்றோம். அது நிக்காம ஓடினா அவங்களுக்கு பில் பயம். பில் பயத்துல ஆஃப் பண்ணிட்டு வேர்வையில படுத்திருப்பாங்க, நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. எழுபது வயசுல இந்த வெயில் விளையாட்டு இல்லைங்க.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறவங்க ரெண்டு காரியம் பண்ணுங்க. ஃபில்டரை எப்படிக் கழட்டுறதுன்னு வீட்ல சொல்லிக்கொடுங்க. நல்லா யோசிக்கிற மெக்கானிக் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, "அண்ணே, கேஸ் ஏத்தினாலும் ஏத்தலைன்னாலும் பாத்ததுக்கு ஐந்நூறு ரூபாய்"னு முன்னாடியே பேசி வச்சிருங்க. கசிவு இருந்தா அடைச்ச இடத்தைக் காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலைன்னா கேஸ் ஏத்த வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு.

டிஸ்கி: நான் படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா ஏசி மெக்கானிக் இல்லை. வெளிப்பெட்டியோட மூடியை நீங்களா கழட்டாதீங்க. கெபாசிட்டர் ஸ்விட்சை அணைச்ச பிறகும் ஷாக் அடிக்கும்.