கருந்துளையும் கண்மணியும்

சாதாரண தரப் பெறுபேறு கைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளேயே, பதினாறு வயதுப் பிள்ளையொன்று தன் வாழ்நாள் முழுவதற்கும் உரிய அறிவுத்துறையைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுக் கல்வியின் நியதியாகிவிட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பெற்றோர் அதனை ‘எஞ்சினியரா, டொக்டரா’ என்ற ஒரே வினாவாகச் சுருக்கிக் கேட்கின்றனர். கணிதப் பிரிவினருக்கும் உயிரியல் பிரிவினருக்கும் பௌதிகவியல் பொதுப்பாடமே. இரு சாராரும் ஒரே வினாத்தாளுக்குத்தான் விடையெழுதுகின்றனர். ஆயினும் அன்று முதல் முன்னவருக்கு நரம்புக்கலமும் பின்னவருக்கு நுண்கணிதமும் அந்நிய தேசங்களாகிவிடுகின்றன.

இப்பிரிவினை பாடசாலை நேரசூசியில் உண்டேயன்றி இயற்கையில் இல்லை என்பதை உணர விரும்புவோர் பேராசிரியர் விஜய் பாலசுப்பிரமணியனின் ஆராய்ச்சி வாழ்க்கையை நோக்குதல் நன்று. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பௌதிகவியலும் கணினி விஞ்ஞானமும் பயின்று, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1997 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, இன்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக விளங்கும் அவர், கருந்துளைகளையும் ஈர்ப்பையும் பற்றி ஆராய்பவர். 1999 இல் பெர் கிரவுஸ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய ஈர்ப்பியற் கட்டுரை அத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அவரே கண்ணையும் மூளையையும் பற்றி ஆராய்பவருமாவார்.

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கலங்களுட் சில ஒளி மிகும்போதும், வேறு சில ஒளி குறையும்போதும் கிளர்ச்சியுறுகின்றன. இவற்றுள் இருளை அறிவிக்கும் கலங்களே தொகையில் அதிகம். இதன் காரணத்தை அவரும் அவருடைய சகாக்களும் 2010 இல் விளக்கினர். இரணைமடுவை அண்டிய காட்டில் பாலையும் முதிரையும் நிழல் விரித்த ஓரிடத்தில் நண்பகலில் நின்று பார்ப்பவர்க்கு அது எளிதில் விளங்கும். இலைகளின் இடையே தெரியும் வானத் துண்டுகள் சிலவேயாயினும், அவற்றின் மிகுந்த பிரகாசம் காட்சியின் சராசரி ஒளியை உயர்த்திவிட, எஞ்சிய புள்ளிகளிற் பெரும்பாலானவை அச்சராசரிக்குக் கீழே தாழ்ந்துவிடுகின்றன. இருண்ட இடங்களே உலகில் மிகுதியாதலால், கண்ணும் தன் கலங்களை அவற்றிற்கே மிகுதியாக ஒதுக்கியிருக்கிறது. 2011 இல் அவரும் வேறு சில சகாக்களும் ஆபிரிக்காவின் பொட்சுவானா நாட்டு ஒக்கவாங்கோ வெளியில் எடுத்த ஆயிரக்கணக்கான இயற்கைப் புகைப்படங்களை ஆராய்ச்சியாளர் அனைவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். எலியின் மூளையில் இடத்தை அளக்கும் கலங்களின் அளவுகோல்கள் ஏன் ஒன்றைவிட ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காக அமைந்துள்ளன என்பதற்கும், குறைந்த கலங்களால் நிறைந்த பயன் என்ற அதே சிக்கன நியாயத்தையே 2015 இல் அவரும் சகாக்களும் கணிதத்தால் காட்டினர்.

இரண்டு தோணியிற் கால் வைப்பவன் கரைசேரான் என்று பெரியோர் எச்சரிப்பர். அவ்வெச்சரிக்கை இங்கே பொருந்தாது என்பது என் துணிபு. கருந்துளையிடத்தும் கண்ணிடத்தும் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியே: தகவல் எங்கே, எவ்வளவு செலவில், எவ்வாறு அடங்கியிருக்கிறது? ஒரு சாஸ்திரத்தில் ஆழ்ந்து பெற்ற பயிற்சியையே அவர் மற்றதனுள்ளும் எடுத்துச் சென்றார்.

நமக்கு இதில் விசேஷமான பாடம் ஒன்றுண்டு. யுத்தத்தில் யாவும் இழந்து மீண்டெழுந்த வன்னியின் பாடசாலைகள் விலைமதிப்புள்ள உபகரணங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த காட்டின் படமொன்றில் எத்தனை புள்ளிகள் சராசரிக்குக் கீழே உள்ளன என்று எண்ண, ஒரு கணினியும் சிறிது கணிதமும் போதும். தொலைபேசி தானாகவே ஒளியைத் திருத்திவிடும் என்பதை ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால், அதுவே அளவீட்டைப் பற்றிய முதற் பாடமுமாகும்.

2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவில் பௌதிக விஞ்ஞானத் துறையும் உயிரியல் விஞ்ஞானத் துறையும் ஒரே பீடத்தில் உள்ளன; கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அயலயலே அமைந்துள்ளன. இவ்விரண்டு இடங்களிலும் உள்ள ஆசிரியப் பெருமக்கள், உயர்தரத்தில் எப்பிரிவிற் பயிலும் மாணவரும் வந்து அமரத்தக்க பொது வகுப்பொன்றை விடுமுறை நாட்களிலேனும் தொடங்கி, உயிரியல் மாணவிக்கு நுண்கணிதத்தையும் கணித மாணவனுக்கு நரம்புக்கலத்தையும் கற்பிக்க முன்வரல் வேண்டுமென வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.