ஜாமீனற்ற ஏழைகள்

சாரல் காலத்தில் குற்றாலம் வருவோரை உபசரிக்கத் தென்காசிவாசிகள் சளைப்பதில்லை. சிறையிலிருக்கும் விசாரணைக் கைதிகளையும் அவர்கள் சற்று நினைக்கவேண்டும். பழமும் பிஸ்கோத்தும் வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதைத் தொண்டென்று நாம் கருதவில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முன்தண்டனையும் வேறு வழக்குமில்லாத விசாரணைக் கைதி, உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கைக் கழித்துவிட்டால் அவனைப் பிணைமுறியின்பேரில் விடச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பிப்பது சிறை அதிகாரியின் கடமைதான். ஆயினும் கைதியின் பந்துக்களைத் தேடிச் சென்று சேதி சொல்ல அவருக்கு அவகாசம் ஏது?

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொண்டராய்ச் சேர வக்கீல் பட்டம் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற உபாத்தியாயர்களை முதலில் அழைக்கிறோம். நாள் எண்ணவும் மனு எழுதவும் அவர்களைவிடத் தக்கவர் யார்?